மண் அடைத்த கை

மகனே,

நம் தீவின் கேம்பல் பேயில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் அது. கப்பலில் அரிசி வரவில்லை, கூலியும் பாதிதான். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் கல் குவாரிக்குப் போனோம். விடியும்போதே மேலே பாறைக் குழிகளில் வெடிமருந்து இட்டு மண் அடைத்துவிட்டார்கள். நான் கீழே ரோட்டில் சிவப்புக் கொடியோடு ஆட்களை மறித்து நின்றேன். திரி பற்ற வைக்கும் முன் பூமி ஆடியது. மேஸ்திரி அழகையாவும் மற்றவர்களும் பிள்ளைகளைத் தேடிக் கரைக்கு ஓடினார்கள். ஒருத்தியைத் தவிர மற்றவர்களைக் கடல் திருப்பித் தரவில்லை.

அந்தக் குழிகள் இன்றுவரை வெடிக்கவில்லை. குவாரியை மூடினார்கள், அதன்மேல் காடு மூடியது.

இப்போது அதே பாறையில் திங்கட்கிழமை மெஷினால் துளை போடப் போகிறேன் என்கிறாய். போனில் தடுத்தால், "டரோ மத் அப்பா, பயப்படாதே, அதெல்லாம் நமத்துப் போயிருக்கும்" என்று சிரிக்கிறாய். அதனால்தான் கடைக்கார ராஜகுமாரியிடம் சொல்லி இதை எழுத வைக்கிறேன். நமத்த மருந்து இரும்பு பட்டால் சிரிக்காது.

எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. மண் அடைத்த கைக்குத்தான் தெரியும். அந்தக் கைகளில் ஒருத்தியுடையது மட்டும் மிச்சம். தினமும் பைக்கில் அவள் வாசலைத் திரும்பிப் பாராமல் தாண்டிப் போகிறாய். அவள் நம்மை விட்டுப் போனபின், அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றவன் நான். இன்று நானே எடுக்கிறேன். மெஷினைத் தொடும் முன் போய்க் கூப்பிடு. பாறைக்குக் கூட்டிப் போய்க் காட்டச் சொல்.

இன்னும் உயிரோடு இருப்பது உன் அம்மா, சந்திரமதி.

கைநாட்டு,
உன் அப்பா