பதினாறு பந்துக்கு ஒரு பெட்டி

அண்ணாச்சி,

போன செவ்வாய்க்கிழமை என் சின்ன மகள் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று அலுமினியம், திறந்தால் உள்ளே கருப்பு ஸ்பாஞ்சில் வரிசைக்கு நான்காகப் பதினாறு குழிகள். இன்னொன்று தோளில் மாட்டுகிற துணிப்பை, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. அவளும் மருமகனும் பாலக்காட்டில் இரண்டு மேசை போட்டு, பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்று திறந்திருக்கிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பந்துகளை எடுத்துப் போக ஒரு பெட்டி வேண்டுமாம். "எதை வெச்சுக்கலாமுங்கப்பா? நீங்கதான் கிளப்புப் பக்கமெல்லாம் இருந்தவராச்சே" என்று கேட்டாள். அந்த ஸ்பாஞ்சுக் குழி ஒன்றில் விரலை விட்டேன். விட்ட விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழியின் ஆழத்தை அளந்து பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துணிப்பையே போதும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உங்களுக்கு எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

எமர்ஜென்சி நேரம் அது. நீங்கள் எஸ்டேட் கிளப்பில் மார்க்கர். துரைமார் ஆடும்போது புள்ளி சொல்வீர்கள், மேசையின் பச்சைத் துணியைத் துலக்குவீர்கள், ஆட்டம் முடிந்ததும் பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பீர்கள். நான் எஸ்டேட் ஜீப்புக்குத் தற்காலிக டிரைவர். பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் கடலைக்காட்டை விட்டுவிட்டு மலையேறி வந்தவன். மஞ்சு மூடினால் பயம், வளைவு வந்தால் பயம், துரை கூப்பிட்டால் பயம். எல்லாரும் கேலி செய்தார்கள். நீங்கள் மட்டும் வேறு மாதிரி சொன்னீர்கள். "பயந்தவந்தாம்லே வண்டி ஓட்டணும். அவந்தான் வளைவுல மெதுவாப் போவான்." அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் தொழிலாளர் லயத்தில் உங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். மதினி எனக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். உங்கள் மகள் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. என் சட்டைப் பையில் கையை விட்டுக் கடலை மிட்டாய் தேடும்.

பாலக்காட்டில் இருந்த ஒரு கிளப்பில் தோட்டத் துரைமாருக்குப் போட்டி வைத்திருந்தார்கள். அங்கே இருந்த பந்துகள் பொரிந்துபோய்விட்டன. எங்கள் கிளப்புப் பந்துகளைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண் போட்ட பதினைந்து, ஒரு வெள்ளை. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவை. இனி அந்த மாதிரி வாங்க வழி கிடையாது. கிளப் செக்ரட்டரி நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "நல்ல பெட்டியாப் பாத்து எடுங்க. ஒரு பந்துல ஒரு கீறல் இருந்தாலும் ரெண்டு பேரும் திரும்பி வர வேண்டாம்." எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும், அது எல்லாருக்கும் தெரியும்.

பந்துகளின் சொந்தப் பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. தூக்கிப் பார்த்தபோது அடிப்பலகை கழன்று இரண்டு பந்துகள் தரையில் விழுந்து உருண்டன. நீங்கள் தரையோடு தரையாக விழுந்து அவற்றைப் பிடித்ததும், சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், "ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்ல" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீங்களும் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் இரண்டு நாள் பெட்டி தேடி அலைந்தோம். தேயிலைப் பெட்டி கிடைத்தது. அதற்குள் பந்துகள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஓடி விளையாடின. உங்கள் இரும்புப் பெட்டியைப் பார்த்தோம். இரும்பில் உரசினால் தொலைந்தோம். மருந்துப் பெட்டியைக் கேட்டதற்குக் கம்பவுண்டர் விரட்டிவிட்டார். கடைசியில் மதினிதான் பெரிய தூக்குப் போணியை எடுத்துக் கொடுத்தார்கள். நாலு அடுக்கு, அடுக்குக்கு நாலு பந்து. கணக்கு அச்சாகப் பொருந்தியது! நான் துள்ளினேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏலே, தொரைமாரு முன்னாடி சோத்துத் தூக்குலயா பந்தக் கொண்டு வைக்கச் சொல்லுத? சாம்பார் எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?" என்றீர்கள். மதினி சிரித்த சிரிப்பில் பாப்பாவும் என்னவென்று தெரியாமலே சிரித்தது. அந்த வீட்டில் நான் பயமில்லாமல் சிரித்த கடைசி நாள் அதுதான்.

சாம்பிள் பெட்டியைக் கண்டுபிடித்தவன் நான். கொச்சி ஏலத்துக்குத் தேயிலை மாதிரி அனுப்புகிற மரப்பெட்டி, உள்ளே பலகை தடுத்த அறைகள், மூடிமேல் எஸ்டேட் முத்திரை. ஃபாக்டரி மூலையில் பழசாகிக் கிடந்தது. ஓர் அறைக்கு ஒரு பந்து. ஆனால் அறை கொஞ்சம் பெரிது, பந்து ஆடியது. சுற்றிலும் மெத்தென்று ஏதாவது அடைக்க வேண்டும். அதற்கும் நான்தான் வழி சொன்னேன். தேயிலை சலிக்கும்போது பறந்து சுவரோரம் படிகிற பழுப்புப் பஞ்சு இருக்கிறதே, அது. லயத்தில் சிலர் தலையணையிலேயே அதை அடைத்துப் படுத்தார்கள். சாக்குப்பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். நீங்கள் கேட்டீர்கள்.

"ஏலே, யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா?"

"கூட்டித் தள்ளுறதுதானுங்க அண்ணாச்சி. இதுக்குப் போயி யாரைக் கேக்குறதுங்க?"

நீங்கள் தலையாட்டினீர்கள். பந்து ஒவ்வொன்றையும் நீங்கள் துணியில் சுற்றித் தந்தீர்கள், நான் அறையில் வைத்துச் சுற்றிலும் பஞ்சை அடைத்தேன். பெட்டியைக் குலுக்கினோம். சத்தமே இல்லை. அப்பாடா என்று இருந்தது.

மறையூர் தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போய், முதலமடை வழியே பாலக்காடு. அதுதான் நம் பாதை. காலையில் புறப்பட்டோம். பெட்டி உங்கள் மடியில். ஒவ்வொரு குழியிலும் நான் பிரேக்கை மிதிப்பதும், நீங்கள் மூடியில் காதை வைத்துக் கேட்பதுமாகப் போனோம். பயம் முழுக்கப் பந்துக்குள்தான் இருந்தது. மறையூர் தாண்டியதும் வருகிற எல்லை செக்போஸ்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னபோதுகூட எனக்குச் சாதாரணப் பயம்தான்.

அதிகாரி கண்ணாடி போட்ட மலையாளி. மரியாதையாகத்தான் பேசினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். நீங்கள் பெருமையாகத் திறந்தீர்கள். "கிளப்புப் பந்து சார். கீழ போட்டுராதீக, புண்ணியமாப் போவும்." அவர் ஒரு பந்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாக உங்கள் கையிலேயே தந்தார். பிறகு காலியான அறைக்குள் விரலை விட்டார். பஞ்சைக் கசக்கி முகர்ந்தார்.

"இது தேயில வேஸ்ட் அல்லே? பெர்மிட் எவிடே?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. தேயிலைக் கழிவை எஸ்டேட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும், நல்ல தூளில் கலந்து விற்கிறார்கள் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. நாம் தலைக்கு வைத்துப் படுக்கிற குப்பைக்குச் சட்டமா! பந்துகளை என் துண்டில் கொட்டிக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அறை அறையாகப் பஞ்சைத் தாளில் தட்டினார்கள். மேசைமேல் அது சேரச் சேர எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. எஸ்டேட் முத்திரை போட்ட பெட்டி, உள்ளே கழிவு, கையில் சீட்டு இல்லை. திருட்டு என்று எழுத இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆரு வச்சது?" என்று கேட்டார்.

நீங்கள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள். நான் ஜீப்பின் டயரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அழுகை வருமோ உண்மை வருமோ என்று தெரியாமல் மூடிக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் சார் வச்சேன். இவன் வண்டி ஓட்ட வந்தவன்" என்றீர்கள்.

பெட்டியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாலக்காடு வரை வந்தீர்கள். ஒரு பந்தில்கூடக் கீறல் இல்லை. பொள்ளாச்சி தாண்டியதும் நீங்களாகப் பேசினீர்கள். "நான் பெர்மனன்ட் ஆளு. என்னய என்ன செஞ்சிரப் போறாங்க? நீ தற்காலிகம். உன்னயன்னா அன்னைக்கே அனுப்பிருவாங்க. மூஞ்சிய ஏம்லே அப்படி வச்சிருக்க, ரோட்டப் பாரு."

அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை அண்ணாச்சி. நிம்மதி. தப்பித்தோம் என்கிற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

பெர்மனன்ட் ஆளை எதுவும் செய்ய மாட்டார்கள் என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் யூனியன்காரர்களே மூச்சு விடவில்லை. எஸ்டேட் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். செக்போஸ்டில் யோசிக்க நேரமில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். விசாரணைக்கு எனக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் மதினி போட்ட சோற்றைத் தின்றுகொண்டு யோசித்தேன். பெட்டியை அடைத்தது யார் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க. நான் வண்டிதானுங்க ஓட்டுனேன்" என்றேன். நீங்கள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் வேலை போயிற்று. மதினியும் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததால் வீடு மட்டும் தப்பியது. நீங்கள் விறகு டிப்போவில் மரம் சுமக்கப் போனீர்கள். அடுத்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள். உத்தரவுத் தாளோடு உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் ஒரு மாதம் சுற்றுவழியில் நடந்தேன். நீங்களே தேடி வந்து, "என்னலே, பெர்மனன்ட் ஆனதும் பெரிய மனுசனாயிட்டியோ?" என்று தோளில் தட்டிக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தீர்கள். அந்தக் கை மரம் சுமந்து காய்த்திருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எருத்தேன்பதிக்கே திரும்பிய பிறகு, வருஷா வருஷம் முதலமடை மாம்பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வருவேன். மறையூரில் பாப்பா கட்டிய வீட்டு வாசலிலேயே நிற்பீர்கள். "டிரைவர் வந்துட்டாம்ல" என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே வருவேன். உங்கள் முன்னால் உட்கார்ந்ததும் மழை எப்படி, காய்ப்பு எப்படி என்று பேசிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். எத்தனை கூடை மாம்பழம் அண்ணாச்சி!

நீங்கள் போன பிறகு காரியத்துக்கு வந்தேன். பந்தலில் பாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் அதைத் தூள்திருடன் மகள் என்று கூப்பிட்டதும், ஒருத்தியை அடித்துவிட்டு அழுதுகொண்டு வந்ததும் எனக்குத் தெரியும். அது கேட்டது: "சித்தப்பா, நீங்கதான கூட இருந்தீக. எங்கப்பா எடுத்திருப்பாகளா? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

ஐம்பது வயதுப் பெண் அண்ணாச்சி. அப்பாவின் காரியத்தன்று கேட்கிற கேள்வியா அது! நான், "பழைய கதையெல்லாம் இப்ப எதுக்குச் சாமி, விடு" என்றேன்.

பின்வாசலில் கை கழுவப் போனபோது மதினி சொம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். மெதுவாகச் சொன்னார்கள். "அவுக அன்னைக்கே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாக தம்பி. பாப்பாவுக்கு மட்டும் சொல்லப்படாதுன்னுட்டாக. அவன் பயந்தவன், அவனா ஒரு நாள் வந்து சொல்லுவான், நாம முந்திக்கிட்டா அவன் இந்தப் படி ஏற மாட்டான்னு. நீங்க வர்ற ஒவ்வொரு வருசமும் இந்தத் தடவ சொல்லிருவான்னு வாசல்ல போயி நிப்பாக."

அதைக் கேட்ட பிறகாவது நான் பந்தலுக்குத் திரும்பிப் போய் பாப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க மதினி" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். உறைமேல் உங்கள் பெயரைத்தான் போடப் போகிறேன். மதினிக்குப் படிக்க வராது. பாப்பாதான் பிரிக்கும், அதுதான் படித்துக் காட்டும்.

பாப்பா, இதுவரைக்கும் மனசுக்குள் படித்திருந்தால் இனிமேல் சத்தமாகப் படி சாமி. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படி, பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும். உங்கப்பா எடுக்கவில்லை. அள்ளிக்கொண்டு வந்தவன் நான், அடைத்தவன் நான், விசாரணையில் பொய் சொன்னவனும் நான். உங்கப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் அவர் செய்தது. இதைப் படித்த பிறகு நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, இப்போது எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான்.