மூன்று சுழல்காற்றுகளும் லவோனும்

என் செல்லப் பேத்திக்கு,

உன் தம்பி கார்சனின் கன்றுக்குட்டி மாவட்டச் சந்தையில் முதல் பரிசு வாங்கிவிட்டது. உன் தங்கை டீலியா நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். நீயோ சுழல்காற்றைத் துரத்தித் துரத்தி, ஊர் நூலகத்தில் மேடையேறிப் பேசிவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் எல்லாம் புரிந்தது.

மறக்க முடியாதவை மூன்று என்றாய். ஒன்று கயிறாக மெலிந்து வெள்ளையாய் ஆடியது. ஒன்று செம்மண்ணை உறிஞ்சிச் சிவந்தது. மூன்றாவது சாலைக்கு இருபுறமும் ஜோடியாக வந்தது. மூன்றுக்கும் உன் வண்டியின் முன் இருக்கையில் இருந்தது உன் அப்பாவைப் பெற்ற லவோன்.

உன் பேச்சு முடிந்ததும் நூலக வாசலில் லவோன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சம்பந்தி, நீங்க ஒண்ணுகூடப் பாத்ததில்லையாமே? இத்தனை வருஷம் கான்சஸ்ல இருந்து என்ன செஞ்சீங்க?"

"சைரன் ஊதினா, புத்தியுள்ளவங்க நிலவறைக்குள்ள போவாங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"சுழல்காற்றுப் பேச்சை என் வீட்டில் எடுக்காதே" என்று முன்பெல்லாம் உன்னை அதட்டியது நான்தான். பயம். எத்தனையோ காற்று என் தலைக்கு மேல் போயிருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் நிலவறையின் ஊறுகாய் ஜாடிகளைத்தான்.

சுழல்காற்று அடிக்கும் மே மாதம் வருகிறது. முன் இருக்கையை எனக்குக் கொடு. அன்று லவோன் வீட்டில் இருக்கட்டும். காற்று பின்னால் நிற்க, என்னை முன்னால் நிறுத்தி ஒரு படம் எடு. எனக்கு ஒன்று தபாலில் அனுப்பு. லவோனுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று அனுப்பு.

உன் அம்மாவைப் பெற்றவள்