மாமாவுக்கு வக்கீல் கிடைக்காத கதை

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் உன் கறுப்புக் கோட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி, காரணம் அப்புறம் சொல்கிறேன்.

உன் மாமா, அதாவது என் கூடப் பிறந்த அந்தப் புண்ணியவான், நம் கொக்குக் குடையின் பெயரையும் படத்தையும் தன்னுடையதென்று சொல்லி ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப் போகிறான். குடைத் தொழிலைத் தொடங்கியது நான், கொக்கை வரைந்ததும் நான், அவன் கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவன். கொக்கு ஒற்றைக்காலில் தவம் செய்வது தன் யோசனை என்று அவர்களிடம் அளந்திருக்கிறான். தவமாவது ஒன்றாவது, எனக்கு இரண்டாவது கால் வரைய வரவில்லை, அழித்து அழித்துத் தாளே கிழிந்தது, போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். அச்சுக்கட்டை செதுக்கியவர் அதைப் பார்த்து இந்தக் கோழிக்கு என்னம்மா சீக்கு என்று கேட்டார். அந்த மனுஷன் இன்னும் கல்லுக்குண்டாக இருக்கிறார், சாட்சி சொல்லவும் ஒப்புக்கொண்டார். மாமாவுக்கு இது தெரியாது.

சும்மா விடுவேனா, நேராக அந்தக் கண்ணாடிக் கட்டடத்து வக்கீல் கம்பெனிக்குப் போனேன். துறைமுகத்தில் இரண்டு நண்பர்கள் கப்பல்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து ஆரம்பித்ததாம், இப்போது பன்னிரண்டு நாட்டில் கிளை. கம்பெனியை வாங்க, விற்க, வியாபாரப் பெயரைக் காப்பாற்ற, நாடுவிட்டு நாடு நடக்கும் சண்டையை நடுவர் முன் தீர்க்க, சகலமும் செய்வார்களாம். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தேன், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஒரு வக்கீலம்மா, உன் வயதுதான், கல்யாணம் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். எதிராளி யாருன்னு முதல்ல சொல்லுங்கம்மா, உங்க ரகசியத்தக் கேட்டுட்டா அப்புறம் எங்க கம்பெனி எந்த ஊர்லயும் அவருக்காக நிக்க முடியாது என்றாள். எனக்குப் பொறி தட்டியது. வழக்கை அவளிடமே கொடுத்துவிட்டு, ஊரில் இந்த மாதிரி இருக்கிற மற்ற கம்பெனி ஒன்று விடாமல் படியேறி என் கதையை ஒப்பித்தேன். முதல் பேச்சு எல்லா இடத்திலும் இலவசம், காப்பி வேறு.

நேற்று மாமா போன் செய்தான். எங்க போனாலும் உன் பேரச் சொல்லி கும்புடு போட்டு அனுப்புறாங்க, ஊர்ல உள்ள வக்கீலையெல்லாம் தத்து எடுத்துட்டியாக்கா என்று அழாத குறை. கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சியே தம்பி, இப்ப யாரு கண்ணுல வழியுது பாரு என்றேன். காதுக்குள் தேன் பாய்ந்தது. ஆனால் அவன் விடவில்லை, எனக்கு மருமகன் இருக்கான், அவன் கம்பெனியும் பெரிசுதான், தாய்மாமன் கேட்டா மாட்டேங்க மாட்டான் என்று வைத்துவிட்டான். உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவன், நீயும் இளகிவிடுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா.

அதனால்தான் கண்ணா இந்தக் கடிதம். கால் ஏன் ஒன்று, சாட்சி யார், எல்லாம் படித்துவிட்டாய் அல்லவா? இனி நீயும் அவனுக்காக நிற்க முடியாது, உன் கம்பெனியும் முடியாது. வக்கீலம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

நோய்நொடியில்லாமல் நூறு வயது இரு. வெளியே போகும்போது குடையை மறக்காதே, நம் குடையை.

இப்படிக்கு,
ஒற்றைக்காலில் நிற்கும்
உன் அம்மா