கதவுக்குக் குரல் கொடுத்த கோமதிக்கு

கோமதி, என் அன்புக்குரியவளே என்று உன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இறந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான், அது உனக்கே தெரியும். உன் காரியத்தன்று சுவரில் வந்து உட்கார்ந்த காக்கையை அத்தை "கோமுதான்" என்று காட்டியபோது நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன். ஆனாலும் உன்னைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

விஷயம் உன் குரலைப் பற்றியது.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என் கணவரின் தங்கை நீ. அத்தை உன் அம்மா. பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், பிற மொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் குரல் கொடுத்துவிட்டு வருவாய். பெரும்பாலும் நர்ஸ், வேலைக்காரி, கூட்டத்தில் கத்துகிற பெண். உனக்கென்று ஓரளவு பேர் வாங்கித் தந்தது ஒரு விண்வெளிப் போர்த் தொடர்தான். படைகள், கப்பல்கள், கிரகங்கள் என்று பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. அதில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் ஒரு மருத்துவக் கப்பல். அந்தக் கப்பலின் கதவுகளையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும் எந்திர அறிவுக்குத்தான் நீ பேசினாய். சிப்பாய்கள் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 'கதவு' என்றே கூப்பிட்டார்கள்.

மூன்று பாகத்துக்கும் சேர்த்து உன் வசனம் நாலு தாளில் அடங்கிவிடும். "கதவு திறக்கிறது. பின்னால் நில்லுங்கள். காற்று போதும்." இவ்வளவுக்கே தெருவில் உன் பெயர் மாறிப்போனது. காலையில் நீ பையை மாட்டிக்கொண்டு இறங்கினால் எதிர்வீட்டு மல்லிகா விடமாட்டாள்.

"என்னா கதவு, இன்னிக்குத் தொறக்குமா, தொறக்காதா?"

"எல்லாருக்கும் தொறக்கும். உனக்கு மட்டும் தாப்பா போட்டாச்சுக்கா."

மூன்றாம் பாகத்தின் முடிவில் கப்பல் தீப்பிடிக்கிறது. எல்லோரும் வெளியேறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது 'கதவு'தான். அதற்கான கடைசி வசனம் தாளில் 'விடைபெறுகிறேன்' என்று இருந்ததாம். நீ சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னது இது. "வூட்ல யாருண்ணி விடைபெறுகிறேன்னு சொல்றாங்க? போறேன்னு சொல்லவும் வாய் வரல." அதனால் "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டாய். இயக்குநர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

மூலத்தில் அந்தப் பாத்திரம் அத்தோடு செத்துப்போனது. தமிழில் பார்த்தவர்களோ திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கதவு எப்போது வரும் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். போனை என் முன்னால் நீட்டிச் சிரித்தாய். "ஒரு பழக்கத்துல சொன்னதுண்ணி. ஊரே காத்துக்கினு இருக்குது பாருங்க."

இப்போது வருகிறது. தொடரை எடுக்கிறவர்கள் ஏதோ அவர்களுடைய காரணத்துக்காக அந்த எந்திர அறிவை வேறொரு கப்பலில் ஏற்றிப் புதிய பாகத்தில் உயிர்ப்பித்திருக்கிறார்கள். உன்னைத்தான் ஏற்ற முடியவில்லை.

போன மாதம் குரல் பதிவு செய்யும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், அவங்க குரலையே கம்ப்யூட்டர்ல உருவாக்கிடலாம். ஃபேமிலி சம்மதம் மட்டும் வேணும்." பழைய பதிவுகள் மட்டும் போதாதாம். வீட்டில் நீ அனுப்பிய குரல் செய்திகள் இருந்தால் உதவும் என்றாள். பின்னால் சத்தம் இல்லாமல் இருந்தால் நல்லது என்றாள். இந்த வீட்டில் பேசிய எதில் உன் அண்ணனின் தறிச் சத்தம் இல்லாமல் இருக்கிறது?

கையெழுத்துப் போடவேண்டியவர் அத்தை. உன் அண்ணன், "அம்மா என்னா சொல்றாங்களோ அதான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அத்தைக்கு முதலில் புரியவில்லை.

"குடுத்துட்டா நம்மகிட்ட இருக்காதா?"

"இருக்கும் அத்தை. அவங்ககிட்டயும் இருக்கும்."

"ரெண்டு எடத்துல இருப்பாளா?"

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். அங்கே இப்படி யாரும் கேட்பதில்லை.

அத்தை கையெழுத்துப் போடத்தான் நினைத்தார். நீ அனுப்பிய குரல் செய்திகளைத் தினமும் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிறார். எல்லாம் மனப்பாடம். "இதுங்கதான் திரும்பத் திரும்ப வருது. கையெழுத்துப் போட்டா புதுசா எதுனா பேசுவா இல்ல?" என்றார்.

படிவத்தை இரண்டு முறை படித்தேன். விடைத்தாள் படிப்பது போலத்தான் படித்தேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவர்கள் எழுதுகிற எதையும் உன் குரல் பேசும், எப்போதும் பேசும் என்றிருந்தது. அத்தையிடம் சொன்னேன்.

"எது எழுதினாலுமா?"

"எது எழுதினாலும்."

"கெட்ட வார்த்தைன்னா?"

"அதையும் பேசும் அத்தை."

"மறுபடியும் சாவற மாதிரி எழுதிட்டா?"

"அதையும்."

"நடிப்புதானேம்மா. டிவில அவ சாவாத சாவா?"

மாதிரி ஒன்று கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றேன். அந்தப் பெண் நல்லவள். "அம்மாவுக்கு எதாவது கேக்கணும்னு ஆசை இருந்தா சொல்லுங்க மேடம், சொல்ல வெச்சு அனுப்பறேன்" என்றாள்.

அத்தை யோசிக்கவே இல்லை. "சாப்ட்டியாம்மான்னு கேக்கச் சொல்லு."

அது வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனை முறத்தின் ஓரமாக வைத்து அழுத்தினேன்.

"சாப்ட்டியாம்மா?"

உன் குரல்தான். குறை சொல்ல முடியவில்லை. அந்த 'மா'வைத் தூக்கிவிடுவாயே, அதுகூட இருந்தது. உள்ளே தறி நின்றது.

"சாப்ட்டேன்டி" என்றார் அத்தை.

சொல்லிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் "சாப்ட்டியாம்மா?"

"அதான் சாப்ட்டேன்னு சொன்னேனே."

பிறகு கீரைக்குத் திரும்பிவிட்டார்.

"இது அவ இல்லம்மா."

"குரல் அவளோடதுதானே அத்தை?"

"கொரலு அவளுதுதான். நான் சாப்ட்டேன்னு சொன்னா அவ நம்பிடுவாளா? என்னாத்த சாப்ட்ட, தட்டு எங்கன்னு கேப்பா. வந்து சட்டியத் தொறந்து பாப்பா. இது நம்பிடுச்சு பாரு."

அன்று மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அத்தை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"வேணாம்னு எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன், நாலே வரி. அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. வேறு ஒரு பெண்ணைக் 'கதவு'க்குப் பேச வைப்பதாகச் சொன்னாள். அத்தையிடம் சொன்னபோது, "யாரு அந்தப் பொண்ணு? பஸ்ல வந்து போவணுமா அவளும்?" என்று மட்டும் கேட்டார்.

முடிவு உனக்குச் சம்மதமா? நீயாக இருந்தால் "பேசட்டும் விடுங்க அண்ணி, எனக்கு லீவு" என்று சொல்லியிருப்பாயோ? தெரியவில்லை. தெரியாமலேதான் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த நாலு வரியை எழுதும்போதுதான் உறைத்தது. உன் குரலைத் தரமாட்டோம் என்று எழுதுகிற நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. சண்டை, துப்பாக்கி, ராக்கெட், இதில் எனக்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் பாகம் வந்த சமயத்தில் நீ கேட்டாய், "பாத்தீங்களா அண்ணி?" பார்த்தேன், நல்லா இருந்துச்சு என்றேன். "எந்த எடம் புடிச்சுது?" என்றாய். கடைசி என்றேன். நீ தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாய். அம்மாவின் பொய்யைச் சட்டியைத் திறந்து பார்க்கிறவள், என்னை ஒரு கேள்வியோடு விட்டுவிட்டாய். இதற்காக உனக்கு நன்றி சொல்வதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் தினமும் கல்லூரி முடிந்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, மூன்று பாகத்தையும் பார்த்து முடித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். சண்டைகள் நீளம். தளபதிகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நீ எப்போதாவதுதான் வருகிறாய். இரண்டாம் பாகத்தில் காலை இழந்த ஒருவன் தரையில் சாய்ந்தபடி, "கதவே, இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கும்?" என்று கேட்கிறான். "உனக்குப் போதும்" என்கிறாய். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்கிறது. எந்திரத்துக்கு ஏது மூச்சு? மற்ற இடங்களில் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள், இதை மட்டும் யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். இருந்தது. அழுகை வரவில்லை, கோமதி. இன்னும் ஒரு முறை கேட்டேன். வாட்ச்மேன் வந்து அறையைப் பூட்டவேண்டும் என்றார், எழுந்து வந்தேன்.

புதிய பாகம் வந்ததும் முதல் காட்சியிலிருந்து பார்ப்பேன். உன் இடத்தில் பேசும் பெண் யாரென்று விசாரித்து, எந்த இடம் நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று அவளுக்கு எழுதுவேன். உனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்கிறேன். பார்க்காத எதையும் பார்த்தேன் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள்,
உன் அண்ணி,
வசந்தா