ஆந்தைப் பொந்துக்கு முன்னால் இருந்த கிளை

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பேன். அப்பா சொல்லச் சொல்ல என் கை அதைத் தானாகவே எழுதிவிடும். இந்த முறை யாரும் சொல்லவில்லை. இருட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, படம் கழுவும் தொட்டிகளை நகர்த்திவைத்து, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வேறு விளக்குப் போட்டால் கதவிடுக்கில் தெரியும். இந்த வெளிச்சத்தில் நோட்டுத்தாளின் சிவப்பு ஓரக்கோடு கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் எழுத்து கோணலாகப் போயிருந்தால் கோபிக்காதே. பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை கேட்கிறது. அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.

போன கடிதத்தில் பறவை பார்ப்போர் சங்கத்து வேனில் ஆந்தை பார்க்கப் போனோம், ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அப்பா அருமையான படம் எடுத்தார், கண்காட்சிக்கு அனுப்பப் போகிறார் என்றெல்லாம் படித்திருப்பாய். அதில் பாதி பொய், அந்தப் பொய்யை எழுதியது நான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 'லேசான காய்ச்சல்' என்று எழுதியதும் நான்தான். இப்போது தெரிந்துகொள், பதினேழு நாள் அங்கே இருந்தாள். நீ அதற்கு 'கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்' என்று பதில் போட்டாய், அதை அப்பா ஸ்டூடியோவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

நடந்தது இதுதான். காலை ஆறு மணிக்கு வேன், பதினோரு பேர், கூட நானும் அப்பாவும். ஊருக்கு வெளியே பழைய பம்ப் ஹவுஸ் இருக்கிறதே, அதன் பின்னால் பெரிய மரம், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. அதில் கையளவு ஆந்தை, இரண்டு குஞ்சுகளோடு. அதை முதலில் கண்டுபிடித்துச் சங்கத்துக்குச் சொன்னவர் அங்கே இருக்கும் வாட்ச்மேன். பட்டப்பகலிலும் டார்ச்சை நீட்டித்தான் எதையும் காட்டுவார், அதனால் எல்லாரும் டார்ச் என்றே கூப்பிடுகிறார்கள். அவராகவே மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைத் தாண்டி ஒருவரையும் விடவில்லை. "இதுங்களுக்கு ராத்திரி டூட்டி, எனக்குப் பகல் டூட்டி, பாத்துக்கவே மாட்டோம்னு நினைச்சேன், ஆனா பகல்லயும் தலையை நீட்டி நீட்டி நான் தூங்குறேனான்னு மேலதிகாரி மாதிரி வேவு பாக்குதுங்க" என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். எனக்கு எட்டவில்லை என்று ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டு ஏறச்சொன்னார். நான் பார்த்து முடித்ததும் "காலையிலேர்ந்து வந்தவங்கள்ல இந்தப் பாப்பாதான் கத்தாம பாத்துச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா, அந்த ஆந்தை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி என்னையே பார்த்தது. அந்த அளவுக்குத்தான் சந்தோஷம், அது உண்மை.

பொந்துக்கு முன்னால் இலை அடர்ந்த ஒரு கிளை தொங்கியது. எந்தப் பக்கம் நின்றாலும் ஆந்தை முகத்தில் பாதிக்கு இலை விழுந்தது. அப்பா ஆறு படம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சங்கத்துக்காரர்கள் அவர் காதுபட "என்ன பாஸ்போர்ட், ஆந்தைக்கு ரெண்டு காதும் தெரியணுமா?" என்று கேலி செய்தார்கள். கடையில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர் என்பதால் அவரை அங்கே பாஸ்போர்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சிரித்தார், நீ பார்த்திருந்தால் அந்தச் சிரிப்பு உனக்குப் புரிந்திருக்கும். மத்தியானம் எல்லாரும் வேன் நிழலில் சாப்பிட உட்கார்ந்ததும், டார்ச் தண்ணீர் எடுத்துவரப் போனார். அப்பா என்னைக் கண்ணால் கூப்பிட்டார். பம்ப் ஹவுஸ் சுவரில் டார்ச்சின் அரிவாள் சாத்தியிருந்தது, அதை எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்தேன். கிளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். "நம்ம கடையில முகத்துல முடி விழுந்தா ஒதுக்கிவிடறதில்லையா, அது மாதிரிதாம்மா இதுவும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டே வெட்டு. கிளையை வறண்ட வாய்க்காலில் போட்டதும் நான்தான். ஸ்டூடியோவில் இருபது வருஷமாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, காலரைச் சரிசெய்து, தாடையைத் தூக்கிவிட்டுப் பழகிய கை அது, ஆந்தையையும் அப்படியே உட்காரவைத்துவிட்டது. ஏழாவது படம்தான் கண்காட்சிப் படம். தாயும் இரண்டு குஞ்சுகளும் முகத்தில் முழு வெயிலோடு இருக்கிறார்கள். அவ்வளவு அழகாக இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இலை இல்லாத பொந்து ஆந்தைக்கு வீடு இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மறுநாளே காகங்கள் பார்த்துவிட்டன. மூன்றாம் நாள் டார்ச் ஒரு குஞ்சைச் செத்துக் கிடந்த நிலையில் எடுத்திருக்கிறார், இன்னொன்றைக் காணவில்லை, தாய் திரும்பி வரவில்லை. சங்கத்துச் செயலாளர் விசாரிக்கக் கடைக்கு வந்தார். அவர் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. அதற்குள் அப்பா "வாட்ச்மேன் கையில அரிவாளோட நின்னதை நான் பாத்தேங்க" என்று சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை அக்கா, பயத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரியவில்லை. செயலாளர் போய் அரிவாளைப் பார்த்தாராம், கிளையிலிருந்து வடிந்த பால் காய்ந்து ஒட்டியிருந்ததாம். டார்ச்சைக் கேட்டதற்கு "நான் வெட்டலைங்க, யாரு வெட்டுனாங்கன்னு நான் பாக்கலைங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். சங்கம் எழுதிக் கொடுத்தால் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர் மனைவி மக்கள் எல்லாரும் பம்ப் ஹவுஸை ஒட்டிய ஒரே அறையில்தான் இருக்கிறார்கள், வேலை போனால் அறையும் போய்விடும்.

இன்று சாயங்காலம் அப்பா சொல்ல நான் அந்தச் சாட்சிக் கடிதத்தை எழுதினேன். 'நானும் என் மகளும் நேரில் கண்டோம்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன். "மை தீந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுது" என்றார். அம்மா அடுக்களையிலிருந்து "அவ அக்காவுக்கு இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கப் போறா, சொல்லிவைங்க" என்றாள். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் அதைச் செயலாளர் வீட்டில் நான்தான் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டுமாம். முதல் ஆறு படம் இருக்கும் நெகட்டிவ் துண்டை எரித்துவிடச் சொன்னார். அதில் கிளை இருக்கிறது, ஏழாவதில் இல்லை, எல்லாம் ஒரே சுருள். கிளை அப்பா படமெடுத்துக்கொண்டிருந்தபோதே போனது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அட்லஸுக்குள் வைத்திருந்தேன்.

அதைச் சற்றுமுன் அப்பாவின் சாட்சிக் கடிதம் இருக்கும் உறைக்குள் போட்டுவிட்டேன், அரிவாளை எடுத்துக் கொடுத்ததும் கிளையைப் பிடித்ததும் நான் என்று ஒரு சீட்டும் எழுதிவைத்து ஒட்டிவிட்டேன். பசை மேஜையெல்லாம் ஆகிவிட்டது, துடைத்துவிட்டேன். இதை நல்ல காரியம் என்று பாராட்டி எழுதாதே. நான் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கிளையை அவரால் ஒற்றைக் கையால் வெட்டியிருக்க முடியாது. அப்பா அடிக்க மாட்டார். ஆனால் நீ வெளியூர் போகிறேன் என்று சொன்ன பிறகு ஐந்து மாதம் உன்னோடு பேசாமல் "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவகிட்ட சாவி எங்கன்னு கேளு" என்று என்னிடம்தானே சொல்லியனுப்பினார். என்னோடு பேசாமல் இருந்தால் யாரிடம் சொல்லியனுப்புவார்? அம்மா அவர் பக்கம் நிற்பாள். நீ ரயில் ஏறிவிட்டாய், எனக்கு இன்னும் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாளை சாயங்காலம் நான் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, யார் கொடுத்த காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வழக்கமாகக் கடைசியில் அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் என்று எழுதித்தான் முடிப்பேன். அவர்கள் தூங்குகிறார்கள், அவர்களைக் கேட்காமல் அதை எழுத எனக்கு உரிமை இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே, பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு, மறக்காமல் ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு என்று எழுது. அப்பாவை நம்பச் சொல்லியோ, பொறுத்துப் போகச் சொல்லியோ எழுதுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
யாரும் சொல்லித்தராமல் எழுதும்
உன் தங்கை