ஹாலுல மாட்டின போட்டோ

வெள்ளிக்கிழமை, ராத்திரி

பெரிய பேரன் ஆடிட்டர் ஆயிட்டான். சின்னவன் ஜெர்மனியில எஞ்சினியர். பேத்தி பவித்ரா ஓடிக்கிட்டே சுடற பிஸ்டல் போட்டியில தங்கம் வாங்கிட்டா. இத்தனை இருந்தும் மனசு ஆறலை.

போன ஞாயித்துக்கிழமை துடியலூர் மண்டபத்துல அவளுக்குப் பாராட்டு விழா. அவ சுடற பிஸ்டலைக் கிளப்புல பூட்டி வெச்சிருக்காங்க. வெறுங்கையோட நின்னா போட்டோ எடுப்பா இருக்காதுன்னு, தலைமை தாங்க வந்த மில்காரர் தன்ற இடுப்புல இருந்த ரிவால்வரை உருவி நீட்டினாரு.

"கேமராவப் பாத்துக் குறி வை அம்மணி." அவ வாங்கத் தயங்கினா. "ஏன், போட்டிக்கு ரிவால்வர் ஆகாதா?"

"அதுல ஆறு தோட்டாதானுங்க. தீந்தா ரொப்பறதுக்குள்ள நேரம் போயிருமுங்க. ஆளப் பாத்து நான் குறி வெக்க மாட்டேனுங்க."

"காலித் துப்பாக்கிதான் கண்ணு."

அவ வாங்கி, தரையப் பாத்துத் திருப்பி, உருளையத் தெறந்தா. முழுக்கத் தோட்டா! எல்லாத்தையும் எடுத்து மேசையில வெச்சா.

அந்தாள் கூசவே இல்லை. "அட, மறந்துபோட்டேன்"னு சிரிச்சாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க. அவளப் பெத்த என்ற மகனுஞ் சிரிச்சான். "பொண்ணு பயந்துட்டா"ன்னு மைக்குல வேற சொல்லிப்போட்டு, அவ பக்கத்துல நின்னு அவரே கேமராவுக்குக் குறி வெச்சாரு. த்தூ!

இன்னிக்கு மகன் அந்தப் போட்டோவையே பிரேம் போட்டு ஹாலுல மாட்டினான். கழட்டிக் கட்டிலுக்கடியில தள்ளிப்போட்டேன்.

பவித்ரா கண்ணு, ஹாஸ்டல்ல புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடு சாமி. மெடலோட நீ மட்டும் நில்லு. ஆணி சும்மாதான் இருக்குது.