ஓடாத வண்டி ஓடியதாக எழுதப்பட்டது குறித்து

அனுப்புநர்:
பா. கோவிந்தராசு,
ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் (போக்குவரத்து) அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: எஞ்சின் பொருத்திய சைக்கிள் விபத்தில் என் மனைவி அமுதவல்லி இறந்தது – என் மகள் அபி வேகமாக ஓட்டியதே காரணம் என்று வழக்குப் பதிந்திருப்பது – சாட்சிப் பொருளைத் தாங்களே நேரில் பார்த்து அதைத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உப்பளம் பகுதியில் ஒரு குளிர்பானக் கிடங்கில் சுமை இறக்கும் வேலை செய்கிறேன். என் மனைவி அமுதவல்லி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்புக்கு உறை போடும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பஸ் மாறிப் போய், நாள் முழுக்க நின்றே வேலை செய்து, மூட்டு வீங்கித் திரும்புவாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் எங்கள் ஒரே மகள் அபிக்கு அது பொறுக்கவில்லை. என் பழைய சைக்கிளில் எஞ்சின் பொருத்தி, அம்மாவைத் தானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதாக இறங்கினாள்.

2. எஞ்சின் நெட்டில் வாங்கியது. விளக்கத் தாளில் இருந்தது சீன எழுத்து. படத்தைப் பார்த்தே மாட்டினாள். முதலில் செயின் கழன்று கழன்று விழுந்தது. அதைச் சரிசெய்தால் அதிர்வில் நட்டுகள் தளர்ந்தன. கடைசியில் வண்டி கிளம்பியது, ஆனால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். கிழவன் இருமுவது போல இருக்கிறது என்று நான் கேலி செய்தேனே தவிர ஒத்தாசை செய்யவில்லை. எதிர்வீட்டு மிக்காயேல் ஐயா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வண்டிக்குப் பழைய பிரெஞ்சு மொபெட்டின் பேரான 'மொபிலெத்' என்று பேர் வைத்து, பெட்ரோலில் ஆயில் கூடிப்போய், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கரி பிடிக்கிறது என்று சொன்னார். கழற்றுகிற ஸ்பேனரையும் அவர்தான் கொடுத்தார்.

3. கரி பிடித்த பிளக்கை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சுட்டு, சுரண்டி மாட்டினால் வண்டி மறுபடி ஓடும். சுடுவது அமுதவல்லியின் வேலை. ஒருமுறை கழற்றி வைத்த பிளக் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அன்று முதல், வழியில் வண்டி நின்றால், தள்ள இலகுவாக இருக்கும் என்று அபி பிளக்கைக் கழற்றி அம்மாவிடம் தருவாள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்வாள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருவார்கள்.

4. கடந்த ஜூலை 8ஆம் தேதி மாலை, வேலை முடிந்த தாயை அழைத்து வர அபி வண்டியில் போனாள். சற்றுப் பிறகு அமுதவல்லி எனக்கு போன் செய்தாள். "வண்டி நின்னுட்டுது. தள்ளிக்கினு வரோம். நீ சோத்த வெச்சுடு" என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுத்த போன் வந்தது. பின்னால் வந்த கார் அடித்து அமுதவல்லி அங்கேயே இறந்துவிட்டாள். அபிக்குத் தலையில் பலத்த அடி.

5. இறந்தவள் பேச மாட்டாள், அடிபட்டவளுக்கு நினைவில்லை. மிச்சம் இருந்தது காரை ஓட்டியவர் வாய் ஒன்றுதான். சைக்கிள் வேகமாக வந்து குறுக்கே திரும்பியது என்று அவர் சொன்னார், அப்படியே எழுதிவிட்டார்கள். போன் விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு வண்டியைக் கிளப்பியிருப்பார்கள் என்றார் விசாரணை அதிகாரி. நிலைய வாசலில் கிடக்கும் வண்டியில் பிளக் இல்லாததைக் காட்டினேன். அடிபட்டதில் தெறித்திருக்கும் என்றார். திருகி இறுக்கியது தெறித்தால் மரை கிழிய வேண்டும் ஐயா. மரை முழுசாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

6. பதிவு செய்யாமல் எஞ்சின் மாட்டி ரோட்டில் ஓட்டியது சட்டப்படி தவறு. அதற்கு உண்டான தண்டனையை ஏற்கிறோம். ஆனால் பெற்றவளைக் கொன்ற பழி என் மகளுக்கு உரியது அல்ல.

7. அன்று வீட்டை விட்டுக் கிளம்பியதில் இருந்து எதுவும் அபிக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவளுக்கு அந்த அறிக்கையைப் படித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். காவல் துறை எழுதியது பொய்யாக இருக்காது என்று அவள் நம்புகிறாள். "அம்மாவ நான்தாம்பா சாவடிச்சிட்டேன்" என்றாள். போனில் அவள் அம்மா சொன்னதைச் சொன்னேன். "என்னைத் தேத்தறதுக்கு சொல்றப்பா" என்றாள். அதற்கு மேல் அவள் பேசுவதில்லை. அவளைத் தனியே விட்டு வேலைக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்பதை இந்த மனுவில் எழுத என் கை வரவில்லை.

8. பிரேதப் பரிசோதனைக்குப் பின் அமுதவல்லியின் புடவையைக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். காரியம் முடிந்த பிறகு கடலில் விட்டுவிடலாம் என்று எடுத்தபோது, காய்ந்த ரத்தத்தோடு முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு கையில் தட்டியது. உள்ளே இருப்பது பிளக் என்பது துணிக்கு மேலேயே தெரிகிறது. பிளக் அவள் முந்தானையில் இருக்கும்போது வண்டி ஓடியிருக்காது. அவர்கள் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

9. அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அமுதவல்லி போடும் முடிச்சு இறுக்கமானது, பல்லால் கடித்தால்தான் அவிழும். என்னால் முடியாமல் விட்டதல்ல. நான் அவிழ்த்தால், நானே பிளக்கை வாங்கி வைத்து முடிந்ததாகத் தங்கள் துறை சொல்லலாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதையே என் மகளும் நினைத்துவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

10. ஆகவே, வழக்கை வேறொரு அதிகாரியைக் கொண்டு மறுபடி விசாரிக்கும்படியும், அதுவரை வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் காக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். புடவையை அலுவலகத்துக்கு எடுத்து வரச் சொன்னால் வருகிறேன். ஆனால் தாங்கள் பெரிய மனது வைத்து, சீருடையிலேயே ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அபியை எதிரில் உட்காரவைத்து, அந்த முடிச்சைத் தங்கள் கையால் அவிழ்க்க வேண்டும். என் பேச்சை அவள் நம்பவில்லை. அவள் அம்மா போட்ட முடிச்சை அவளுக்கு அடையாளம் தெரியும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பா. கோவிந்தராசு

இடம்: ரெட்டியார்பாளையம்
நாள்: 12.08.2025